நெத்திலி பெயர்மாற்ற விவகாரம்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் சொல்லித்தான் இந்த நோட்டை வாங்கினேன். ரத்த அழுத்தம் 168/100. கோபம் வந்தால் கத்தக் கூடாதாம். எழுதி, நோட்டை மூடி, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். ஆறு வாரத்துக்குக் கால்பந்து மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றும் சொன்னார். லீக் முடிந்துவிட்டது, அடுத்த ஆட்டம் ஜூலை நடுவில்தான் என்பது அவருக்குத் தெரியாது. பெரிய தியாகம் செய்கிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு சரி என்றேன்.

முதல் பக்கம் என்பதால் விவரங்களை முறைப்படி பதிகிறேன். பெயர் கிளமெண்ட் ரொட்ரிகோ. வயது 56. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஐஸ் கம்பெனியில் மேனேஜர். 'தூத்துக்குடி நெத்திலிகள்' கால்பந்து அணியின் ரசிகர் சங்கத்துக்கு, அணி தொடங்கிய நாள் முதல் ஒன்பது வருடமாகச் செயலாளர். மனைவி மெட்டில்டா. ஒரே மகள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள்.

இன்று கோபம் எதுவும் வரவில்லை. மதியம் புடலங்காய்க் கூட்டு. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

கோபம் வந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கே சங்கத் தலைவர் சிவந்திநாதன் வந்து வாசலில் நின்றார். பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொல்வதுதான் சரி என்பது அவருடைய கொள்கை. அதனாலேயே ஒன்பது வருடமாகப் போட்டியின்றித் தலைவர்.

அவர் கொண்டுவந்த செய்தி: அணியை வாங்கியிருக்கும் புதிய முதலாளி, சென்னையில் அடுக்குமாடி கட்டுகிறவர், 'நெத்திலிகள்' என்ற பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டாராம். சட்டையில் நெத்திலி படத்தைப் போட்டுக்கொண்டு விளம்பரதாரர்களிடம் போய் நிற்க முடியாதாம். 'தூத்துக்குடி சுறாக்கள்' என்று மாற்றலாம் என்கிறார். ஆனாலும் நியாயமான மனிதர். ரசிகர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும், ஜூலை 6 அன்று சங்கமே தேர்தலை நடத்தட்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார்.

செயலாளர் என்ற முறையில் நான் நடுநிலை. தனிப்பட்ட முறையில், ஒன்பது வருட அவமானத்துக்கு விடிவு வந்தது என்று நினைத்தேன். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். நம் பையன்கள் மைதானத்துக்குள் வரும்போது எதிரணி ரசிகர்கள் வாணலியையும் கரண்டியையும் தட்டுவார்கள். கோயம்புத்தூரில் ஒருமுறை பொரித்த நெத்திலியைப் பொட்டலம் கட்டி எங்கள் மேல் வீசினார்கள். நன்றாகத்தான் பொரித்திருந்தார்கள். ஆனால் விஷயம் அதுவல்ல.

அப்புறம் ஏன் கோபம் என்றால், மெட்டில்டா. இன்றுவரை ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. நான் விஷயத்தைச் சொன்னதும் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு, "ஏன் மாத்தணும்?" என்றாள். அரை மணி நேரம் விளக்கினேன். வாணலி, கரண்டி, பொட்டலம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சுறான்னு வச்சா மட்டும் புட்டு செய்ய மாட்டானா?" என்றாள்.

இதற்குத் தகுந்த பதில் ஒன்று உண்டு. நாளைக்குள் ஞாபகம் வந்துவிடும்.

ஜூன் 6, வெள்ளி

பதில் இன்னும் வரவில்லை. 160/96.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்திலேயே 'சுறா அணி' தொடங்கப்பட்டது. பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஏகமனதாக என்னைத் தலைவராக்கினார்கள். நான் நடுநிலைச் செயலாளர், அதனால் கூடாது என்று இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை யாரும் வற்புறுத்தவில்லை என்பதால் நானே ஒப்புக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால், கொடிமரத்தடியில் மெட்டில்டா மீன் விற்கும் பெண்கள் முப்பது பேரை நிற்க வைத்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். வரும் வழியில் என்ன என்று கேட்டேன். பொதுவாக என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

பொதுவாக இல்லை.

சங்க விதி எண் 4-ன்படி தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்புவரை யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம். அந்த விதியை எழுதியவன் நான். இன்று மாலை மெட்டில்டா 143 விண்ணப்பங்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அத்தனையும் மீன் மார்க்கெட் பெண்கள். 'அணியை ஆதரிக்கக் காரணம்' என்ற இடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேரும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: 'நாங்க விக்கிற மீனு.'

விண்ணப்பங்களில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். என்னை எதிர்க்கப் போகிறவர்களுக்கு நானே உட்கார்ந்து 143 முறை கையெழுத்துப் போட்டேன். அவள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிக் கொடுத்தாள். நடுவில் காப்பி தந்தாள். எழுபதாவது தாளில் மை தீர்ந்தபோது பேனாவும் அவள்தான் கொடுத்தாள். முன்யோசனை உள்ளவள் என்பதை மறுக்க முடியாது.

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். மற்றவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் கம்பெனியில் ஐஸ் வாங்க ஆள் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரிய ஐஸ் பார்கள் பதினாறை ஒட்டவைத்து, கல்யாண வீடுகளில் ஐஸில் அன்னம் செதுக்குகிற ஒருவரைக் கொண்டு சுறா செதுக்கினோம். பன்னிரண்டு அடி நீளம். பல் மட்டும் இரண்டு வரிசை. காலை பத்து மணிக்கு லாரியில் ஏற்றி, மாலை போட்டு, சுறா அணி முன்னால் மேளத்துடன் நடக்க, ஊர்வலம் மைதானத்தை நோக்கிப் புறப்பட்டது. சிவந்திநாதன் பார்த்துவிட்டுக் கண்கலங்கினார். சுறாதான் சரி என்றார்.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். சரக்கு ரயில். அது போனதும் இன்னொரு சரக்கு ரயில். கேட் திறந்தபோது, முன்னால் நின்ற லாரி ஒன்று கிளம்ப மறுத்தது. மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். ஜூன் மாத வெயில் எப்படி இருக்கும் என்பது ஐஸ் கம்பெனி மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று பின்னால் பலர் கேட்டார்கள். முதலில் போனது பல். பிறகு மேல் துடுப்பு. பிறகு வயிறு. போட்ட பூமாலைக்குள்ளேயே சுறா சிறுத்துக்கொண்டு வந்தது.

மைதானத்து வாசலில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் லாரியை எட்டிப் பார்த்துவிட்டு, "நெத்திலி ஊர்வலம்னா அந்தப் பக்கமாப் போங்க சார்" என்றார்.

ஊரில் பாதிப் பேர் அதை போட்டோ எடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

மெட்டில்டா இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. மூன்று நாளாக மூச்சுவிட நேரமில்லை. வீட்டில் வெள்ளியன்று நெத்திலிக் குழம்பு, சனியன்று நெத்திலி அவியல், நேற்று நெத்திலிப் பொரியல், இன்று நெத்திலித் தொக்கு. இது பிரசாரம் என்பதை நான் அறிவேன். சுவையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடுநிலையோடு எழுதுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

முதலாளியின் சார்பில் ஆதர்ஷ் என்ற இளைஞர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் வேலைக்கு ப்ராண்ட் மேனேஜர் என்று பெயர். சங்கக் கூட்டத்தில் சுவரில் படம் காட்டிப் பேசினார். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, நெத்திலி என்பது கூட்டமாக நீந்தும் ஒற்றுமையின் குறியீடு, இந்தப் பெயரை ஒரு பெரும் அறிஞர்தான் சூட்டியிருக்க வேண்டும் என்று இருபது நிமிடம் நிரூபித்தார்.

ஆதர்ஷ் சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைப் போட்டார். அணி தொடங்கியபோது ஒரு பத்திரிகை மூலம் பெயர்ப்போட்டி வைத்தார்கள். நானே 'முத்துகள்' என்று நாற்பது கூப்பன் அனுப்பினேன். ஜெயித்த கூப்பனை ஆதர்ஷ் பழைய கோப்புகளில் தேடி எடுத்திருக்கிறார். அதைத்தான் சுவரில் காட்டினார்.

அணியின் பெயர்: நெத்திலி.
காரணம்: சொல்ல முடியாது.
அனுப்புபவர்: ஒரு ரசிகை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'லி'யின் மேல்சுழி தேவைக்கு அதிகமாக வளைந்து, திரும்பி வந்து 'ல'வைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படி எழுதுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

மண்டபத்தில் காற்றே இல்லை. பாதியில் வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

மளிகைச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மல்லி, கால் கிலோ.

164/98.

ஜூன் 20, வெள்ளி

ஐஸ் உடைக்கிற மெஷின் பழுது. அதனால்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பத்திரிகைகளில் போட்டிகள் வருவதைப் பற்றிப் பொதுவாக ஆரம்பித்தேன். குறுக்கெழுத்துப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். பெயர்ப்போட்டிகளும் உண்டு என்றேன். அவள் கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

கடைசியில் நேராகவே கேட்டேன். "அந்தக் கூப்பன எழுதுனது நீதானா?"

"ஒம்பது வருசமாச் செயலாளர். இப்பதான் கண்டுபிடிச்சியளா?"

ஏன் என்றேன். அவள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள். கல்யாணமான புதிதில் நான் அவளை எப்படிக் கூப்பிடுவேன் என்று ஞாபகம் இருக்கிறதா என்றாள். ஞாபகம் இல்லை என்றேன்.

(உண்மையைத்தான் எழுத வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஞாபகம் இருந்தது. அப்போது அவள் குச்சி மாதிரி இருப்பாள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். வீட்டுக்குள் மினுக்கென்று இந்தப் பக்கம் போவாள், மினுக்கென்று அந்தப் பக்கம் வருவாள். நெத்திலி என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாறு வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன்.)

"நீங்க மேனேஜர் ஆன அன்னையிலேருந்து மெட்டில்டான்னு முழுப் பேரச் சொல்லுதிய. பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்குத மாதிரி. சரி, வீட்லதான் கூப்பிட மாட்டேங்கிய, கிரவுண்டுலயாவது கூப்பிடட்டும்னு எழுதிப் போட்டேன். ஜெயிக்கும்னு நெனச்சா போட்டேன்?"

ஆட்டம் நடக்கிற நாட்களில் துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய்விடுவாளாம். மைதானம் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர். நாலாயிரம் பேர் நெத்திலி நெத்திலி என்று கத்தினாலும் அதில் என் குரல் தனியாகக் கேட்குமாம்.

கடல்காற்று மாலையில் திசை மாறுவதைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"இப்ப நீங்களே மாத்தணும்னு லாரில சுறா செஞ்சு கொண்டு போறிய" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நோட்டை மூடினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி திறந்தேன். இன்னொரு டம்ளர் குடித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை பெரிய விவாதக் கூட்டம். சுறா தரப்பில் பேச என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். வேறு யாரையாவது போடச் சொல்லி சிவந்திநாதனின் கடைக்குப் போனேன். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்றார். உடம்பு சரியில்லை என்றேன். "என்னவே, உமக்கு ஒடம்பு என்னைக்குச் சரியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, ஒருவருக்குக் கண் பரிசோதிக்கப் போய்விட்டார். நெத்திலி தரப்பில் பேசப்போவது யார் என்று நோட்டீஸைப் பார்த்தேன். திருமதி மெட்டில்டா கிளமெண்ட். என் பெயருக்கு நேர் எதிரே, அதே அளவு எழுத்தில்.

ஜூன் 29, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் அறுநூறு பேர். மேடையில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள், நடுவில் சிவந்திநாதன். பின்னணியில் யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய பூ அலங்காரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. கீழே இருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அவள் முதலில் பேசினாள். கையில் தாள் இல்லை. ஆறு நிமிடம். சுறா தனியாகத் திரியும், நெத்திலி தனியாகத் திரிந்து யாராவது பார்த்ததுண்டா என்று கேட்டாள். பதினோரு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கு எந்த மீன் பொருத்தம் என்று கேட்டாள். பதினோரு பேர் என்பது அவளுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. மார்க்கெட் பெண்கள் விசிலடித்தார்கள். ஆதர்ஷ்கூடக் கைதட்டினார்.

பிறகு நான் எழுந்தேன். என் தாளில் ஏழு காரணங்கள் இருந்தன. முதல் காரணம், சுறா கம்பீரமானது. அதைப் படித்தேன். இரண்டாவது காரணம் என் கையெழுத்தில்தான் இருந்தது, ஆனால் படிக்க வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். அப்போதும் வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"நெத்திலிங்கது எம் வீட்டுக்காரி பேரு" என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வச்ச பேரு. அவதான் கூப்பன்ல எழுதிப் போட்டிருக்கா. அது தெரியாம அத மாத்தணும்னு நான் மூணு வாரமா ஊர் சுத்தியிருக்கேன். எனக்கு வெக்கமா இருக்கு. நான் ஓட்டு நெத்திலிக்குத்தான் போடுவேன்."

பேராசிரியர் தன் குறிப்பேட்டில் எதையோ அடித்தார். சிவந்திநாதன் உடனே எழுந்து நெத்திலிதான் சரி என்று அறிவித்தார். சுறா அணியைச் சேர்ந்த ஒருவர் பின்வரிசையிலிருந்து, அணிக்குச் செயலாளரின் மனைவி பெயரை வைப்பது குடும்ப ஆட்சி ஆகாதா என்று விளக்கம் கேட்டார். மீன் விற்கும் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, அப்படியானால் அக்கா உங்களை எந்த மீன் பேர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று கேட்டாள். அதற்கப்புறம் கூட்டத்தை அடக்க முடியவில்லை.

நான் பெருமையோடு மறுபக்கம் திரும்பினேன். மெட்டில்டாவின் நாற்காலி காலியாக இருந்தது.

ஜூன் 30, திங்கள்

பேசவில்லை. மேஜையில் ஒரு சீட்டு: 'சோறு மூடி வைத்திருக்கிறது. மல்லி இல்லை.'

ஜூலை 2, புதன்

இன்று பேசினாள். பேசாமல் இருந்ததே தேவலை.

மார்க்கெட்டில் அவளை எல்லோரும் நெத்திலியக்கா என்று கூப்பிடுகிறார்களாம். பால்காரர் கூப்பிட்டாராம். கோயிலில் பங்குச் சாமியார்கூட அவளைப் பார்த்ததும் இருமுவதுபோல் சிரித்தாராம். நான் சமாதானமாக, பெயர் ஏற்கெனவே சட்டையிலும் கொடியிலும் இருந்ததுதானே என்றேன்.

"பேரு இருந்துச்சு. காரணம் இருந்துச்சா? சொல்ல முடியாதுன்னு நான் கூப்பன்லயே எழுதினேம்லா. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்தத மைக்ல போட்டு ஒடச்சிட்டிய."

அறுநூறு பேர் முன்னால் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மெட்டில்டா, மன்னித்துக்கொள் என்றேன். அந்த முழுப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, தப்பு எங்கே என்று புரிந்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லாத சொல். நாக்கு புரளவில்லை. 'நெ' மட்டும் வந்தது. நெய் தீர்ந்துவிட்டதா என்று முடித்தேன்.

இருக்கிறது என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

பழக்கம் விட்டுப்போன எதையும் பயிற்சி செய்தால் பிடித்துவிடலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியின் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஐஸ் பார்களைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். முதலில் சாதாரணமாக. பிறகு சமையலறையிலிருந்து கூப்பிடுவதுபோல. பிறகு காப்பி கேட்பதுபோல. பதினைந்து தடவைக்கு மேல் ஓரளவு இயல்பாக வந்தது. பல் கிட்டிக்கொண்டது குளிரால்.

கதவைத் திறந்தால் லோடுமேன்கள் நாலு பேர் நிற்கிறார்கள். நெத்திலிக்கு எத்தனை பார் வேண்டும் என்று கேட்டார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

தேர்தல் அமைதியாக நடந்து முடிந்தது. பதிவான ஓட்டு 2,318. நெத்திலிக்கு 1,190. சுறாவுக்கு 1,128. அறுபத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் பெயர் நிலைத்தது. சிவந்திநாதன் இரண்டு தரப்புக்கும் வாழ்த்துச் சொன்னார். முதலாளி முடிவை ஏற்றுக்கொள்வதாக ஆதர்ஷ் போனில் பேசிவிட்டுச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: சின்னத்தில் இருக்கும் நெத்திலிக்குப் பல் வைப்பார்களாம். ஆட்சேபனை இல்லை என்று மினிட் புத்தகத்தில் எழுதினேன்.

நானும் அவளும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். ஜெயித்துவிட்டாயே என்றேன்.

"நான் சுறாவுக்குத்தான் போட்டேன்" என்றாள்.

நின்றுவிட்டேன். நூற்று நாற்பத்து மூன்று பேரைச் சேர்த்தவள். ஆறு நிமிடம் தாளில்லாமல் பேசியவள்.

"ஊருக்குச் சுறா இருந்துட்டுப் போவட்டும். அந்தப் பேரு எனக்கு வீட்டுக்கு வேணும்னு தோணிச்சு. நீங்க எதுக்குப் போட்டிய?"

"நெத்திலிக்கு."

"அப்ப நம்ம வீட்டு ஓட்டு ரெண்டும் வீணாப் போச்சு" என்று சொல்லி நடந்தாள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

வீட்டு கேட் பக்கம் வந்தபோது கூப்பிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லித்தான். தொண்டையில் சளி இருந்ததால் குரல் சரியாக வரவில்லை. அவள் திரும்பி, "என்ன" என்றாள். கூப்பிட்டதற்கு ஒரு காரணம் யோசித்து வைத்திருக்கவில்லை. சாவி எங்கே என்று கேட்டேன். சாவி என் கையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாவியை வாங்கித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

உள்ளே போனபின் சமையலறையில் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

138/86. பிரஷர் பார்க்கிற மெஷினில் ஏதோ கோளாறு இருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

சீசனின் முதல் ஆட்டம். மெட்டில்டா தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். (இந்த நோட்டில் பழக்கத்தால் அப்படி எழுதுகிறேன். வீட்டில் வேறு.) மனைவியைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் துணைக்குப் போனேன். டாக்டர் கேட்டால் அதுதான் பதில்.

மாலை ஐந்து மணிக்கு நாலாயிரம் பேர் ஒரே குரலில் நெத்திலி என்று கத்தினபோது அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். மாடியில் இருந்து கேட்கிற மாதிரி இல்லையாம். பிறகு மெல்லக் கையை எடுத்தாள். சங்க உறுப்பினர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மார்க்கெட் பெண்கள் இரண்டு வரிசையை வளைத்துப் போட்டிருந்தார்கள். நடுவர் ஏன் கறுப்புச் சட்டை போட்டிருக்கிறார், அவருக்கு எந்த ஊர் என்று கேட்டாள். தெரிந்தவரை சொன்னேன்.

பல் வைத்த நெத்திலிகள் இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினார்கள். இரண்டாவது பாதியில் ஆட்டம் இன்னும் மோசம். எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவர், நாற்பது வயது இருக்கும், எழுந்து நின்று, இந்த நெத்திலி ஒண்ணுக்கும் உதவாது, வெயிலில் காயப்போட்டுக் கருவாடாக்க வேண்டியதுதான் என்று கத்தினார்.

ஒன்பது வருடமாக அதே வரிசையில் உட்கார்ந்து அதைவிட மோசமாகக் கத்தியவன் நான். கருவாடு என்பதே நான் ஆரம்பித்து வைத்ததுதான். ஆனால் இன்று அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. எழுந்து திரும்பி அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். எந்த வார்த்தை என்றார். நெத்திலி ஒன்றுக்கும் உதவாது என்ற வார்த்தை என்றேன். அவர் என்னையும், ஆட்டக்காரர்களையும், ஸ்கோர் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மெட்டில்டா என் சட்டை முனையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருங்க. அவரு கோல்கீப்பரத் திட்டுதாரு. என்னய இல்ல."

உட்கார்ந்தேன். பின்வரிசைக்காரரிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். அவரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு சட்டைப் பொத்தானைத் தேடினார்.

எழுபத்தெட்டாவது நிமிடம் மூன்றாவது கோல். நேராகக் கைக்கு வந்த பந்து. கோல்கீப்பர் அதைப் பிடித்து, கால் இடறி, பந்தோடு சேர்ந்து கோலுக்குள் விழுந்தான்.

அந்த நேரத்தில் என் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் எழும்பியது. முதலில் கோல்கீப்பரைச் சொன்னாள். அப்புறம் பின்காப்பு ஆட்டக்காரர்கள் நாலு பேரையும் தனித்தனியாகச் சொன்னாள். அப்புறம் மொத்தமாக நெத்திலியைச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. முப்பது வருடமாக அவளோடு இருக்கிறேன், அதில் இரண்டு வார்த்தை எனக்கே புதிது. கருவாடெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

பின்வரிசைக்காரர்தான் குனிந்து, "யக்கா, கொஞ்சம் உக்காருங்க. பாவம் அவனுவ" என்றார்.